தம்மாம் செட்

வீட்டில் உட்கார்ந்து ரேடியோவுக்கு ஈயம் வைக்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, மாடத்தியக்கா. எதிரில் இருப்பவர்கள் அவன் கையைப் பார்ப்பதில்லை. புகை கண்ணில் ஏறும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன், எல்லோரும் அப்படித்தான்.

இன்று காலையில் நீங்கள் வைப்பின் தீவிலிருந்து போட் ஏறி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "என் தம்பி சத்தத்த நீ என்னடா பண்ணின?" என்று கேட்டீர்கள். சாயா குடிக்கச் சொன்னேன். குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதியம்மன் கோயில் முற்றத்தில் சமுதாயத்தார் முன்னால் சொல்ல வேண்டும், கேசட்டுகள் எல்லாவற்றையும் கொண்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் கூட்டத்தில் பேசிப் பழகியவன் அல்ல. ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன், அது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். தலைவர் தங்கையா அண்ணாச்சி வாசிக்கட்டும். அன்றைக்கு இல்லாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் பிச்சைமணி. கார்ப்பரேஷன் பம்ப் ஹவுஸில் மோட்டார் பார்க்கிறேன். சாயங்காலங்களில் மட்டாஞ்சேரியில் என் வீட்டில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர். பாக்கியலக்ஷ்மி என் தாய்மாமன் மகள், எனக்கு முறைப்பெண். முறைப்பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பதானால் முறைமாப்பிள்ளைக்கு வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்துச் சம்மதம் கேட்பது நம்முடைய வழக்கம். எழுபத்தொன்பதில் எனக்கு வைத்தார்கள். மாப்பிள்ளை உங்கள் தம்பி செல்லதுரை. சவுதியில் தம்மாமுக்கு அவனுக்கு விசா வந்திருந்தது. ஐந்து பேர் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வேட்டியை வாங்கிக்கொண்டேன். நல்ல வேட்டி, எட்டு முழம்.

என் மாமன் குடித்தே செத்தவர். அதனால் பாக்கியம் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். செல்லதுரை அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். குடிக்க மாட்டேன், குடித்தால் அவள் அத்துக்கொண்டு போகலாம், சமுதாயம் ஏன் என்று கேட்கக் கூடாது என்றான். தாலியைக் கழற்றிக் கோயிலில் வைத்துவிட்டால் உறவு முடிந்தது, அதைத்தான் அத்துவிடுவது என்போம். அந்தச் சத்தியத்தை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள். எண்பதில் அவன் தம்மாமுக்குப் போய்விட்டான்.

அந்த ஓணத்துக்கு, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்தனுப்பினான். பாக்கியத்துக்கு எழுதப் படிக்க வராது. கடிதம் வந்தால் ஆள் வைத்துத்தான் வாசிக்க வேண்டும், புருஷன் எழுதியதை அடுத்தவன் வாயால் கேட்க வேண்டும். கேசட் என்றால் அந்தத் தொல்லை இல்லை. அவன் அங்கே பேசி அனுப்புவான், இவள் கேட்டுவிட்டு இங்கே பேசி அனுப்புவாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தம்மாமில் கரண்டு நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்றுமுப்பது. செட்டின் பின்பக்கம் அதை மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது யாருக்கும் தெரியவில்லை. பிளக்கைச் செருகினார்கள், புகை வந்தது. மறுநாள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மச்சான், இது செத்துப் போச்சா?"

"செட்டுக்கு ஒண்ணும் ஆகல. கரண்ட எறக்கிக் கொடுக்கிற பாகம்தான் கரிஞ்சிருக்கு. ரெண்டு நாள் நில்லு, நேராக்கித் தரேன்."

எர்ணாகுளம் பள்ளிமுக்குக்குப் போய் டிரான்ஸ்பார்மரும் டயோடும் வாங்கி வந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் மாற்றி ஈயம் வைத்தேன். மீட்டர் வைத்து அளந்தேன், ஆறு வோல்ட், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த முதல் ரிப்பேர் சுத்தமான வேலை. யாரிடமும் காட்டலாம். டெஸ்ட் பண்ணத்தான் கேசட்டைப் போட்டேன். "ஏ லெச்சி" என்றான் செல்லதுரை.

பாக்கியலக்ஷ்மியை ஊரெல்லாம் பாக்கியம் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். அவளுக்குள் லெச்சி என்று ஒருத்தி இருந்தது எனக்கு இத்தனை வருடமும் தெரியாமல் போயிருக்கிறது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, என் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, என் மேஜை மேல் இருந்த ஒரு பெட்டியைப் பார்த்து வெட்கப்பட்டாள். என் வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் எதையும் நான் தேடவில்லை. பொறாமைதான். உயிரோடு எதிரில் இருக்கிற என்னைப் பார்த்து அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவன் இருமினால்கூடச் சிரிக்கிறாள்.

இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கேசட் வந்த மறுநாள் குழாயடியில் பார்த்தால், "அவரு இன்னது சொன்னாரு மச்சான்" என்று ஆரம்பிப்பாள். என்னிடம் பேச அவளுக்கு வேறு பேச்சே இருக்காது. கேசட் தவறி அழிந்துவிடுமோ என்று பயந்தாள். கேசட்டின் பின்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் எதுவும் பதியாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

எண்பத்திரண்டு ஆடியில் உங்கள் அம்மா இறந்துபோனார்கள். செல்லதுரைக்கு லீவு கிடைக்கவில்லை. அதே மழைக்காலத்தில் செட் உறுமத் தொடங்கியது. ஈரத்தில் கண்டென்சர் வீங்கியிருந்தது. மறுபடியும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

கண்டென்சரை மாற்றினேன். கூடவே ஒரு வெள்ளைச் சிமென்ட் ரெசிஸ்டென்ஸையும் வைத்தேன். அரை விரல் நீளம். கரண்டு போகும் வழியில் அதை இடையில் வைத்தால் ஆறு வோல்ட் நாலரையாகும். செட் பாடும், விளக்கு எரியும், ஆனால் மோட்டார் கொஞ்சம் மெல்லச் சுற்றும். மெல்லச் சுற்றினால் பேசுகிறவன் குரல் இறங்கி, நாக்கு தடித்து, வார்த்தை இழுக்கும். இரண்டு கிளாஸ் சாராயம் போட்டவன் எப்படிப் பேசுவானோ, அப்படி. பாக்கியம் புகைக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று. சத்தத்தைக் கூட்டினால் செட் அதிகக் கரண்டு இழுக்கும். அப்போது வோல்ட் இன்னும் இறங்கும். மெல்ல வைத்துக் கேட்டால் களைத்துப்போன செல்லதுரை. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவள் கூட்டக் கூட்ட, குடித்த செல்லதுரை.

பாட்டு கேசட் போட்டால் அகப்பட்டுக்கொள்வேனே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் அம்மா இறந்து வருஷம் திரும்பாத வீட்டில் யார் பாட்டுப் போடுவார்கள்? ஒரு வருடத்துக்கு அந்த செட்டில் செல்லதுரையைத் தவிர வேறு குரல் இல்லை. அதை யோசித்துத்தான் செய்தேன். பாட்டரி போடக் கூடாது, அது கசிந்து உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றும், பழைய கேசட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் நாடா தேய்ந்துவிடும், பத்திரமாக எடுத்து வை என்றும் அவளிடம் சொல்லிவைத்தேன்.

முதல் கேசட்டுக்கு, "அவருக்கு ஜலதோஷம் போல" என்றாள். மூன்றாவது வந்தபோது என்னைக் கூப்பிட்டு விட்டாள். போனேன். சத்தத்தை நிறைய வைத்திருந்தாள்.

"மச்சான், நீங்க ஆம்பள. கேட்டுச் சொல்லுங்க. இது குடிச்ச சத்தமா?"

"நான் எப்படிம்மா சொல்ல? தூரத்தில கெடக்கிற மனுஷன்."

"அங்க சாராயமே கிட்டாதுன்னு சொன்னாரே."

"கிட்டாதுதான். ஆனா அத்தரக்கூடக் குடிக்கிறாங்கன்னு ஆளுங்க சொல்றாங்க. நான் பாத்ததில்ல."

கவனித்துப் பாருங்கள், நான் பொய் சொல்லவில்லை. ஊரில் அப்படி ஒரு பேச்சு இருந்தது.

அடுத்து நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவள் அதே செட்டில்தான் பதில் பேசி அனுப்பினாள். மெல்லச் சுற்றும் மோட்டாரில் பதிந்ததை நேராகச் சுற்றும் மோட்டாரில் போட்டால் குரல் கீச்சென்று ஏறி, அவசரமாக ஓடும். இங்கே போட்டுப் பார்த்தால் அது தெரியாது. "குடிக்கிறீங்களா, சத்தியத்த மறந்துட்டீங்களா" என்று அவள் அழுதுகொண்டு கேட்டது, தம்மாமில் யாரோ வாய்க்குள் சிரித்துக்கொண்டு கேலி பேசுவது போலக் கேட்டிருக்கிறது. அவனுக்குக் கோபம் வந்தது. "என்ன லெச்சி, வெளையாடுறியா? யாரு பக்கத்தில இருந்து சிரிப்பு காட்டுறாங்க?" என்று அடுத்த கேசட்டில் கத்தினான். அந்தக் கத்தலும் இங்கே இழுத்து இழுத்துத்தான் வந்தது. குடிகாரன் கத்தல். அவள் செட்டை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு முழுக் கணக்கும் விளங்கியது. ஒரு ரெசிஸ்டென்ஸ் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அதை எடுத்துவிட ஐந்து நிமிடம் போதும். நான் எடுக்கவில்லை.

எண்பத்துமூன்று ஆகஸ்டில் அவனுக்கு லீவு. ஆளே நேரில் வந்து நின்று பேசிவிட்டால் கதை முடிந்துவிடும். அதனால் மே மாதமே தங்கையா அண்ணாச்சியிடம் போய், ஒரு பெண்பிள்ளை இப்படிக் கிடந்து உருகுகிறாளே, சமுதாயம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். கண் கலங்கிவிட்டார். கூட்டம் போட்டார்.

கோயில் முற்றத்தில் நூறு பேர் இருப்பார்கள். நான்தான் செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன், கோயில் பிளக்கில் நானே செருகினேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தம் வை என்றார்கள். முழுச் சத்தமும் வைத்தேன். உங்கள் தம்பி அன்று பேசியது மாதிரி மோசமாக எந்தக் குடிகாரனும் பேசியிருக்க மாட்டான். முன்வரிசையில் இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் எழுந்து நின்று, "இது என் தம்பி சத்தம் இல்ல. எனக்குத் தெரியாதா அவன் சத்தம்? இது வேற யாரோ" என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். கூடப்பிறந்த பாசம் என்றார்கள். தங்கையா அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"பிச்சைமணி, மிஷின்ல கொறவு வல்லதும் உண்டோ?"

"இல்ல அண்ணாச்சி. என் கையால நேராக்கினது."

நான் கூட்டத்தில் பேசிய ஒரே பேச்சு அதுதான். அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி அக்கா. நூறு பேரில் உங்கள் காது ஒன்றுதான் காதாக இருந்தது. செல்லதுரை சத்தியத்தை மீறவே இல்லை. தம்மாமில் அவன் தேயிலைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டிருக்க மாட்டான் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

பாக்கியம் தாலியைக் கழற்றி அம்மன் காலடியில் வைத்தாள். சமுதாயத்தின் முடிவு கடிதமாகப் போனது. அவன் ஆகஸ்டில் வரவில்லை. அக்டோபரில் ஒரு நாள் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று தந்தி வந்தது. கால் வழுக்கியது என்றார்கள், குதித்தான் என்றும் பேசிக்கொண்டார்கள். சாரத்தில் வேலை செய்கிறவர்கள் விழத்தான் செய்வார்கள். அதற்கும் நாலரை வோல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் நீங்கள் என்னிடம் நிரூபணம் கேட்கவில்லை, என்ன செய்தாய் என்றுதான் கேட்டீர்கள்.

எண்பத்துநாலில் பாக்கியத்தைக் கட்டிக்கொண்டேன். குறை வைக்கவில்லை. பாட்டுக் கேட்க ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். தம்மாம் செட்டைத் துணி சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தாள், பதினொரு கேசட்டும் பக்கத்தில். நான் தொடவில்லை. ரெசிஸ்டென்ஸும் உள்ளேயே இருந்தது, எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. மூன்று வருடம் என்னிடம் பேசினாள், சிரித்தாள், சண்டை போட்டாள், மீன் குழம்பில் உப்பு சரியா என்று கேட்டாள். அந்த மூன்று வருடத்தை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லை என்று சாயங்காலம் ஏழிலிருந்து ஏழரை வரை கரண்டை நிறுத்துகிறார்கள். சென்ற மாதம் செல்லதுரை செத்த நாள் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, அன்றைக்கு ஒரு தடவை அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று பாக்கியத்துக்குத் தோன்றியிருக்கிறது. கரண்டு இல்லை. பாட்டரி போடக் கூடாது என்று நான் சொல்லி வைத்தது ஐந்து வருடத்துக்கு முந்தைய பேச்சு. டார்ச்சுகளில் இருந்த நாலு பாட்டரியை எடுத்துப் போட்டிருக்கிறாள். பாட்டரிக் கரண்டு அந்த ரெசிஸ்டென்ஸ் வழியாகப் போகாது. நேராகப் போகும். ஆறு வோல்ட்.

நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே செல்லதுரை பேசிக்கொண்டிருந்தான். தெளிவாக, வேகமாக, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல. "லெச்சி, நான் சத்தியமா தொடல. ஏன் இப்படிக் கேக்குற? நான் ஆகஸ்ட்ல வந்து நேர்ல நிக்கிறேன், நீ என் வாய மோந்து பாரு." கூட்டத்தில் முழுச் சத்தத்தில் போட்ட அதே கேசட். அன்று ஒருவருக்கும் விளங்காத வார்த்தைகள். அவள் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். கரண்டு வந்ததும் பாட்டரியை எடுத்தாள், பிளக்கைச் செருகினாள், அதையே போட்டாள். இழுத்தது. மறுபடி பாட்டரி போட்டாள். நேரானது. பிறகு என்னைப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனால் அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், தட்டு வைக்கிறாள். ஏழு மணிக்குப் பாட்டரியைப் போட்டு அவனைப் பேச விடுகிறாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், அவன் பேசிக்கொண்டிருப்பான், அவள் அவனுக்குத் தலையாட்டுவாள். செத்தவன் மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பவனாவது கிழவனாவான், பல் விழும், பெண்டாட்டி மேல் எரிந்து விழுவான். இவன் முப்பது வயதிலேயே நின்றுவிட்டான். ஒவ்வொரு சாயங்காலமும் புதிதாக ஆகஸ்டில் வருகிறேன் என்கிறான். இவனை நான் எப்படி ஜெயிப்பேன்?

நேற்று வியாழக்கிழமை அவள் போட் ஏறி உங்களைப் பார்க்க வந்தாள், இரவு அங்கேயே தங்கி இன்று காலையில்தான் திரும்பினாள். நான் லீவு போட்டேன். செட்டைத் திறந்து அந்த ரெசிஸ்டென்ஸை எடுத்தேன். நல்ல கண்டென்சர் வைத்தேன். மீட்டரில் சரியாக ஆறு வோல்ட். கேசட்டுகளின் பின்பக்கத்தில் உடைந்த இடங்களை, மறுபடி பதியும்படி ஒட்டுப் பேப்பரால் மூடினேன். பிறகு பதினொன்றிலும், இரண்டு பக்கமும், நான் பேசினேன்.

ஆகவே நீங்கள் கேட்ட கேசட்டுகளைக் கொண்டு வருவதில் பலன் இல்லை, அக்கா. செல்லதுரை எதிலும் இல்லை. சாட்சிக்கு இந்தக் காகிதம் போதும், கீழே கையெழுத்துப் போடுகிறேன். சத்தியத்தை மீறாத ஒருவனை மீறியவனாக்கினேன், அவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டேன், நேற்றோடு அவன் குரலையும் இல்லாமல் ஆக்கினேன். சமுதாயம் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன். ஆனால் புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதை வெளியார் முழுக்கப் புரிந்துகொள்ள முடியாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது ஏழாக ஐந்து நிமிடம் இருக்கிறது. உள்ளே அவள் செட்டில் பாட்டரி போடும் சத்தம் கேட்கிறது. நான் கேசட்டில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பம்ப் ஹவுஸில் நடப்பது, சேர்லாய் பக்கத்தில் குழாய் உடைந்தது, எனக்கு இருமல் குறைந்தது, இப்படித்தான். மூன்றாவது கேசட்டிலேயே பேச விஷயம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு, உனக்கு என்ன வேண்டும், என்ன வாங்கி வர வேண்டும், ஏதாவது சொல் பாக்கியம் என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவள் பதில் சொல்லப் போதுமான நேரம் விட்டிருக்கிறேன்.